காய்ச்சல் காலமும் படுக்கைக் கணக்கும்

ஐப்பசி மழை பிடித்தவுடன் காய்ச்சலும் ஊருக்குள் வந்துவிடுகிறது. அரசு மருத்துவமனை வாசலில் கூட்டம் சேர்ந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் இரண்டு குரல்கள் கிளம்புகின்றன. ‘அடுத்த கொரோனா வந்துவிட்டது’ என்கிறது ஒன்று. ‘இதெல்லாம் மருந்துக் கம்பெனிகள் கிளப்பிவிடும் பீதி’ என்கிறது மற்றொன்று. இரண்டு தரப்பும் கிருமியைப் பற்றியே சண்டை போடுகின்றன, மருத்துவமனையை மறந்துவிடுகின்றன. கிருமி எவ்வளவு கொடியது என்று கேட்கிற நாம், ஒரே வாரத்தில் எத்தனை பேருக்குப் படுக்கை வேண்டியிருக்கும் என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

2025 ஜனவரியில் எச்எம்பிவி என்ற பெயர் வீட்டுக்கு வீடு ஒலித்தது நினைவிருக்கும். சீன மருத்துவமனைகளில் கூட்டம் நெரிவதாகச் சில காணொளிகள் சுற்றின. தமிழ்நாட்டில் சென்னையிலும் சேலத்திலும் தலா ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் பதற்றம் கூடியது. 2001-லேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட, ஆண்டுதோறும் சளிக்காய்ச்சலாக வந்துபோகிற கிருமி அது. சில வாரங்களில் பேச்சு அடங்கியது.

அடங்கியதும் ‘பார்த்தீர்களா, ஒன்றுமே இல்லை’ என்றவர்களின் கை ஓங்கியது. எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். ஒவ்வொரு வெற்று அலறலுக்குப் பிறகும், மெய்யான எச்சரிக்கை வரும்போது அதைக் கேட்கும் காதுகள் குறைகின்றன.

கொல்லும் கிருமி, பரவும் கிருமி

கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் பகுதியில் 2018 மே மாதம் நிபா வந்தது. 17 பேர் இறந்தனர். தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. அவ்வளவு கொடிய கிருமி, ஆனாலும் சில வாரங்களில் கட்டுக்குள் வந்தது. எளிதில் ஆள்விட்டு ஆள் தாவாத கிருமி என்பது ஒரு காரணம். தொடர்பில் இருந்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கண்காணித்த கேரளச் சுகாதாரத் துறையின் உழைப்பு மற்றொரு காரணம்.

அந்த நிபா எங்கே பரவியது என்பதைக் கவனியுங்கள். முதல் நோயாளியிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றியது பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவரைக் கவனித்த செவிலியர் லினி உயிரிழந்தார். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் அந்த முதல் நோயாளி ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நடைவழியில் இருந்த பலருக்கும் தொற்றியது. வேறு ஏதோ நோய்க்காகவோ, வேறொரு நோயாளிக்குத் துணையாகவோ வந்திருந்தவர்கள் அவர்கள்.

பறவைக் காய்ச்சலும் நிபாவைப் போலக் கொல்லும் கிருமியாகத்தான் மிரட்டுகிறது. எச்5என்1 தொற்றியதாக உலகில் இதுவரை பதிவான மனிதர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். 2024-ல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கும் அது பரவியது தெரியவந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் தன்மை அதற்கு இன்னும் வரவில்லை. வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகளை வளர்க்கும் நாமக்கல்லுக்கும் பங்கு உண்டு. அங்கே பண்ணையில் ஒரு கொட்டகைக் கோழிகள் திடீரென்று சாகின்றன என்றால், அதை மறைக்காமல் கால்நடைத் துறைக்குச் சொல்லும் பண்ணையாளருக்கு இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். கிடைக்காது என்று அவர் நினைத்தால் சொல்ல மாட்டார்.

கொரோனா இந்த இரண்டுக்கும் நேர்மாறு. தொற்றியவர்களில் இறந்தவர்களின் விகிதம் நிபாவோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. ‘நூற்றுக்கு ஒருவர்கூடச் சாகவில்லையே, எதற்கு இத்தனை கெடுபிடி?’ என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓர் ஊரின் கணக்கு

ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 20,000 பேருக்கு ஒரு காய்ச்சல் வருகிறது. நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் மருத்துவமனைப் படுக்கை வேண்டும். மற்ற 98 பேர் கஞ்சியும் பாராசிட்டமாலுமாக வீட்டிலேயே தேறிவிடுவார்கள். படுக்கை வேண்டியவர்கள் 400 பேர். ஆளுக்கு ஏழு நாள் தங்குகிறார்கள்.

இந்த 400 பேரும் மூன்று மாதத்தில் பரவலாக வந்தால், சராசரியாக ஒரு நாளில் நிரம்பியிருக்கும் படுக்கைகள் 31. அதே 400 பேர் மூன்றே வாரத்தில் வந்தால் 133. கிருமி அதேதான், நோயாளிகளும் அவர்கள்தான். ஆனால், நமது பல தாலுகா மருத்துவமனைகளில் இருப்பதே நூறு படுக்கைக்குக் குறைவு. அவற்றிலும் பிரசவமானவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள், பாம்பு கடித்தவர்கள் ஏற்கெனவே படுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திணறுவதைப் போன்றது இது: அத்தனை பயணிகளும் ஒரு மாதத்தில் பிரிந்து வந்திருந்தால் யாருக்கும் சிரமமே இருந்திருக்காது.

முகக்கவசம், தனித்திருத்தல், கூட்டம் தவிர்த்தல் எல்லாம் கிருமியை ஒழித்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 133-ஐ 60 ஆக்கும், 60-ஐ 40 ஆக்கும். அந்த வேறுபாட்டுக்குள்தான் பல உயிர்கள் இருக்கின்றன. படுக்கை கிடைத்தால் பிழைக்கக்கூடிய நோயாளி, படுக்கை கிடைக்காததால் இறந்துபோனால், ‘இறப்பு விகிதம்’ என்று நாம் நம்பியிருந்த எண்ணே மாறிவிடுகிறது.

ஒரு சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும்?

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் முன்னால் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. நோயாளிகள் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜனோடு கிடந்தார்கள். உள்ளே ஒரு படுக்கை காலியானால்தான் முதல் வண்டியின் கதவு திறக்கும். வந்தவுடன் ஆக்சிஜன் கொடுக்கும் ‘ஜீரோ டிலே’ வார்டை அமைத்த பிறகே அந்த வரிசை குறைந்தது.

ஆக்சிஜன் தட்டுப்பாடு என்று அப்போது எல்லோரும் பேசினோம். அது எப்படி வருகிறது என்பதை ஒரு சிலிண்டரை வைத்தே புரிந்துகொள்ளலாம். மருத்துவமனைகளில் ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். மூச்சுத் திணறலோடு வருபவருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் அது பதினோரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். நிலைமை மோசமாகி, மூக்கு வழியே அதிவேகமாகச் செலுத்தும் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வைத்தால், இரண்டு மணி நேரம்கூட வராது.

அப்படி 20 பேர் ஒரு வார்டில் இருந்தால், சிலிண்டர் மாற்றும் ஊழியருக்கு உட்கார நேரமிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு லாரி வர ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பெரிய தொட்டியில் திரவ ஆக்சிஜன் நிரப்பியிருக்கும் மருத்துவமனைக்கும் வேறொரு சிக்கல் உண்டு. எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில் அதிக அளவில் இழுத்தால் அழுத்தம் குறையும். வரிசையின் கடைசிப் படுக்கைக்குப் போதிய வேகத்தில் காற்று போய்ச்சேராது. தொட்டியில் ஆக்சிஜன் இருக்கும், நோயாளிக்குக் கிடைக்காது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 2021 மே மாதத்தில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ஆக்சிஜன் குறைபாடே காரணம் என்றனர் உறவினர்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். அந்தச் சர்ச்சை ஓய்ந்துவிட்டது. குழாய்களின் கொள்ளளவு பற்றிய கேள்வி ஓயக் கூடாது.

பதற்றம் எப்படித் தானே நோயைப் பரப்பும் என்பதற்கும் அந்த மாதம்தான் சாட்சி. ரெம்டெசிவிர் ஊசிக்காக முதலில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும், பிறகு நேரு விளையாட்டரங்கிலும் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். நோயாளியைக் கவனித்துவிட்டு நேராக வரிசைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். அந்த மருந்து உயிரிழப்பைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. எழுதிக் கொடுத்த மருத்துவர்களும், மூன்று நாள் வரிசையைச் சகித்த குடும்பங்களும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். நேரடியாக மருத்துவமனைகளுக்கே மருந்தை அனுப்ப அரசு முடிவெடுத்ததும் வரிசை கலைந்தது. அந்த முடிவு முதல் நாளே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

எண்ணிக்கைக்குள் வராதவர்கள்

குடிமைப் பதிவு முறையில் நாடு முழுவதும் பதிவான இறப்புகள் 2019-ல் 76 லட்சம். 2020-ல் 81 லட்சம். 2021-ல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் சுமார் 21 லட்சம் கூடுதல். பதிவு செய்யும் பழக்கம் மேம்பட்டதும் இதில் ஒரு பகுதியாக இருக்கலாம். எனினும், கொரோனாவால் இறந்ததாக அரசு அறிவித்த சில லட்சங்களுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தூரத்தை அதைக் கொண்டு மட்டும் நிரப்பிவிட முடியாது.

இன்னொரு எண் என்னை அதைவிட உலுக்கியது. 2019-ல் நாட்டில் காசநோய் என்று பதிவானவர்கள் 24 லட்சம் பேர். 2020-ல் 18 லட்சம். காசநோய் குறைந்துவிடவில்லை. இருமிக்கொண்டிருந்த ஆறு லட்சம் பேர் மருத்துவமனைக்குப் போகவில்லை; அல்லது போனபோது அவர்களைப் பார்க்க ஆளில்லை. டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை வர வேண்டியவர், கீமோ ஊசிக்கு நாள் குறித்திருந்தவர், நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று சமாளித்தவர் எல்லோரும் இந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். மருத்துவமனை நிரம்பும்போது பலியாகிறவர்களில் அந்தக் கிருமியே தொற்றாதவர்களும் உண்டு.

ஓ.பி. சீட்டு வரிசை

எந்த அரசு மருத்துவமனைக்கும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஓ.பி. சீட்டு வாங்க ஒரே வரிசை. காய்ச்சலில் கண் சிவந்த சிறுவன், சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பாட்டி, ஏழு மாதக் கர்ப்பிணி, டயாலிசிஸுக்கு வந்தவரின் மனைவி எல்லோரும் அதே வரிசையில், அதே தகரக் கூரைக்கடியில். உள்ளே போனால் சன்னல் சாத்திய கூடத்தில் மின்விசிறி அதே காற்றைத்தான் சுற்றுகிறது. இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பவர் நோயை விட்டுவிட்டு வருகிறாரா, வாங்கிக்கொண்டு வருகிறாரா?

கோழிக்கோட்டு நடைவழி சொல்லிக்கொடுத்த பாடம் நமது ஓ.பி. கூடங்களுக்கு இன்னும் வந்துசேரவில்லை. இவ்வளவுக்கும், நாட்டிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கண்ட மாகாணம் சென்னை, 1939-ல். பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகம் வைத்திருக்கும் மாநிலம் இது. 2020-ல் சென்னை மாநகராட்சி தெருத்தெருவாக நடத்திய காய்ச்சல் முகாம்கள், நோயாளி மருத்துவமனைக்கு வருமுன்பே அவரிடம் போய்ச்சேர்ந்தன. செய்யத் தெரியாதவர்கள் அல்ல நாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காய்ச்சலும் இருமலும் உள்ளவர் முகக்கவசம் போடுவதுதான் முதல் காரியம். அடுத்தவரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள எல்லோரும் எப்போதும் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நடக்கவும் நடக்காது. இருமுகிறவர் பேருந்திலும் மருத்துவமனையிலும் போட்டால் போதும், பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். வீட்டில் முதியவரையோ நோயாளியையோ கவனித்துக்கொள்பவர் என்95 வகையைப் போடுவது நல்லது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். மழைச்சாரல் அடிக்கிறது என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஒரே அறையில் ஐந்து பேர் படுப்பதுதான் குடும்பமே படுக்கையில் விழ வழி.

விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் அளவிக் கருவி 2021-ல் பல வீடுகளில் வாங்கப்பட்டது. இப்போது அலமாரியில் தூங்குகிறது. பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள். 94-க்குக் கீழே போனாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்கக் கூடாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அப்படித்தான்.

டெங்குவுக்கு வேறு கணக்கு. அதில் ஆபத்துக் காலம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. ‘உடம்பு குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை’ என்று வீட்டார் நிம்மதியாகும் அந்த இரண்டு நாட்களில் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறில் ரத்தம், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த ஒரு செய்தியைத் தெரிந்து வைத்திருப்பது பல குழந்தைகளைக் காப்பாற்றும்.

மருந்துக்கடையில் ‘காய்ச்சலுக்கு ஒரு செட்’ என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். அந்தப் பொட்டலத்துக்குள் பெரும்பாலும் ஓர் ஆன்டிபயாடிக்கும், சில சமயம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். வைரஸ் காய்ச்சலில் முன்னதால் பயனில்லை. பின்னதை அளவின்றி, அதுவும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்ததன் விளைவை 2021-ல் கறுப்புப் பூஞ்சை நோயில் கண்ணை இழந்தவர்களிடம் பார்த்தோம்.

இந்த மழைக்காலத்திலேயே அரசு செய்யக்கூடியவை

ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் காய்ச்சல் நோயாளிகளுக்குத் தனி ஓ.பி. வேண்டும். கட்டடம் கட்டத் தேவையில்லை. காற்று வரும் பந்தல், தனி வரிசை, தனி மருந்துச் சன்னல் போதும். ஓ.பி. சீட்டோடு ஒரு முகக்கவசத்தையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.

‘நூறு சதவீத வருகை’க்குச் சான்றிதழும் பரிசும் கொடுக்கும் வழக்கத்தைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும். அந்தச் சான்றிதழுக்காகக் காய்ச்சலோடு வகுப்புக்கு வருகிற ஒரு பிள்ளை, பத்து வீடுகளுக்கு அதைக் கொடுத்தனுப்புகிறது. தினக்கூலிக்காரரிடம் ‘வீட்டில் ஓய்வெடுங்கள்’ என்று சொல்வதற்கு முன், அவருடைய மூன்று நாள் கூலியை யார் தருவது என்று யோசிக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்ற அமைப்புகள் மூலம், மருத்துவரின் சீட்டைக் காட்டினால் ஒரு சிறு தொகை கிடைக்கும்படி செய்யலாம். ஓய்வெடுக்க வசதியில்லாதவரிடம் ஓய்வை உபதேசிப்பதில் பயனில்லை.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. பெரும்பாலோர் பணம் கொடுத்துத் தனியாரிடம்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டுக்கே போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இதய நோய் என்ற பட்டியல் அரசின் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள அறுபது வயது கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை ஃப்ளூ ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டால், நெரிசல் மாதங்களில் அவர்களில் பலருக்குப் படுக்கையே தேவைப்படாது.

கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் நிலையங்கள் நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேல் நிறுவப்பட்டன. ஓடாத இயந்திரம் பழுதாகும். மாதம் ஒரு நாள் அவற்றை முழுத் திறனில் ஓட்டி, எல்லாக் குழாய்களையும் திறந்து, கடைசிப் படுக்கையில் அழுத்தம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அந்த அளவை மருத்துவமனை முகப்பில் பலகையில் எழுதிப் போட வேண்டும். 2021-ல் மருத்துவமனைவாரியாகக் காலிப் படுக்கைகளை இணையத்தில் வெளியிட்ட ஏற்பாட்டையும், காய்ச்சல் காலத்திலாவது, தனியார் மருத்துவமனைகளைச் சேர்த்துத் திரும்பக் கொண்டுவரலாம். வதந்தியை அடக்க அதைவிட நல்ல வழி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஆட்கள். படுக்கையை ஒரு வாரத்தில் வாங்கிவிடலாம். செவிலியரை அப்படி உருவாக்க முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. சாதாரண வார்டில் நாற்பது, ஐம்பது பேருக்கு இரவில் ஒரே செவிலியர் ஓடிக்கொண்டிருப்பது நமக்குப் பழகிப்போன காட்சி. கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டபோது, அவர்கள் சாலையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. மாற்றுப் பணி பிறகே அறிவிக்கப்பட்டது, அதுவும் ஒப்பந்தத்தில். காலியாக உள்ள செவிலியர் இடங்களை நிரந்தரப் பணியாக நிரப்புவதோடு, மாவட்டம்தோறும் ஆக்சிஜன் கருவிகளைக் கையாளப் பயிற்சி பெற்ற கூடுதல் செவிலியர் அணி ஒன்றை ஆண்டு முழுவதும் சம்பளத்தில் வைத்திருக்க அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.